கல்குவாரிச் சங்கக் கட்டடத்தில் நாங்கள் உட்கார்ந்தது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கீரனூர்ப் பக்கத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் காட்டு வேலைதான். புகுந்த வீடோ ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரிக் குடியிருப்பில் இருந்தது. கணவர் பாறையில் வெடிக்குக் குழி போடுகிறவர். கல்யாணமான மூன்றாம் வாரம் நானும் மாமியாரோடு ஜல்லி உடைக்கப் போனேன்.

எங்கள் கல்யாணம் நடந்தது குவாரித் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில். கருங்கல் சுவரும் சிமெண்டு ஷீட்டுக் கூரையுமாக நீளமான ஒரே அறை. உள்ளே ஒரு சாமி படம்கூடக் கிடையாது. பாதிப் பேர் மாரியம்மன் கோயிலுக்கும் பாதிப் பேர் மாதா கோயிலுக்கும் போகிறவர்கள், அதனால் எந்தப் படமும் வேண்டாம் என்று கட்டும்போதே முடிவு செய்துவிட்டார்களாம்.

நான் பிறப்பதற்கு முன் குவாரியில் வெடி வெடித்து ஒருவர் இறந்திருக்கிறார். அவருடைய குடிசைக்குள் உடலை நீட்டிக் கிடத்த இடமில்லை. கொட்டும் மழையில் வேப்பமரத்தடியில் வைத்துத்தான் அழுதிருக்கிறார்கள். நமக்கென்று ஒரு கூரை வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு வந்ததுதான். வெடிப்பு விழுந்து விலைபோகாத கற்களைக் கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டி முடித்தார்கள். உறுப்பினர் யாருக்காவது அடிபட்டால் மற்றவர்கள் முறை வைத்து அந்த வீட்டுக்குச் சோறும் வெஞ்சனமும் கொண்டுபோவார்கள், ஆஸ்பத்திரிக்குத் துணை போவார்கள். என் கணவருக்குக் கால் நசுங்கியபோது பதினைந்து நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, ஆனால் ஒருவேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை.

ஆனால் ஆண்கள் மட்டும்தான் உறுப்பினர். கல்யாணம், சாவு தவிர வேறு எதற்கும் பெண்கள் அந்தப் படி ஏறுவதில்லை. அதைப் பற்றி நானும் யோசித்ததில்லை, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கண் போகும் வரைக்கும்.

கன்னிவாடிக்காரர் அவர். கணவன் விட்டுவிட்டுப் போய் இரண்டு வருடம், இரண்டு பெண் பிள்ளைகள். ஒருநாள் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தோம். கல் சில்லு ஒன்று தெறித்து அவர் வலது கண்ணில் ஏறியது. மதுரைக்குக் கொண்டுபோயும் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்தார். முறைச்சோறு வரவில்லை.

கணவரிடம் கேட்டேன். "அந்தக்கா மெம்பர் இல்லையே. புருசன் இருந்தா அவன் பேர்ல வந்திருக்கும்" என்றார்.

நேராகச் சங்கச் செயலாளரிடம் போனேன். நல்ல மனிதர். கால் நசுங்கிய அன்றைக்கு என் கணவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவரே அவர்தான்.

"ஏனுங்கண்ணா, அவங்களும் இதே குவாரியிலதானுங்க கல்லு உடைக்கறாங்க?"

"நீ சொல்றது ஞாயந்தேன் தாயி. ஆனா இது ஆம்பளைக கட்டுன சங்கம். வழக்கத்தை மாத்துனா நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாக."

அக்கா வீட்டுக்கு நாங்கள் பெண்களே முறை போட்டுச் சோறு கொண்டுபோனோம். அத்தோடு நிறுத்தவில்லை. பெண்களையும் உறுப்பினராகச் சேர்க்கச் சொல்லி, அடுத்த கூட்டத்தன்று காலையில் பதினோரு பேர் போய்ச் சங்கக் கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டோம். ஆண்கள் வந்து பார்த்துவிட்டு வேப்பமரத்தடியில் கூட்டத்தை நடத்திக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்துக்கும் போனோம், அதற்கடுத்ததற்கும் போனோம். மாமியார் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். குவாரியில் என் கணவரிடம், "இனிமே ஒம் பொண்டாட்டிதேன் தலைவராமுல்ல" என்று சிரித்திருக்கிறார்கள்.

"போதும், விட்டுரு" என்றார் அவர்.

"விடமாட்டேனுங்க."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். எனக்கும் பயம்தான். பிறந்த வீடு தொலைவில் இருந்தது. கோபித்துக்கொண்டு போனால் திரும்பி வர முடியுமா என்றுகூட நினைத்தேன். ஆனால் பக்கத்து வீட்டில் அக்கா ஒற்றைக் கண்ணால் அரிசியில் கல் பொறுக்கப் பழகிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு வீட்டோடு இருக்க முடியவில்லை.

ஆறாவது கூட்டத்தில் செயலாளர் வேப்பமரத்தடிக்குப் போகவில்லை. "சரி, உள்ளயே பேசுவோம்" என்று வந்து உட்கார்ந்தார். நான் எழுந்து அக்காவின் நிலையைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து லாரி லோடுமேன் ஒருவர் குறுக்கிட்டார்.

"இந்தக் கட்டடத்துல ஒரு கல்லாச்சும் பொம்பளை வச்சதுண்டா?"

கட்டடம் எழும்பி வெகுகாலத்துக்குப் பின்னால் வந்தவள் நான். அப்போது வாசல் பக்கம் மாமியாரின் குரல் கேட்டது. என்னை வீட்டுக்கு இழுத்துப் போக வந்தவர் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏலே, யாருலே அது கேட்டது? கல்லு அம்புட்டும் குவாரியில இருந்து நடந்தா வந்துச்சு? அன்னைக்கு லாரியா இருந்துச்சு? சும்மாடு கட்டி நாங்கதேன் தலையில சொமந்தோம். எம் மகனை வயித்துல வச்சுக்கிட்டுச் சொமந்தேன். எனக்கு முன்னால ஒங்காத்தா சொமந்துக்கிட்டுப் போனா. வீட்டுலதேன் இருக்கா, போயிக் கேளு."

லோடுமேன் தலையைக் குனிந்துகொண்டார். நான் மாமியாரையே பார்த்தேன். நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், இதை ஒருநாளும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

செயலாளர், "எங்காத்தாவும்தேன் சொமந்துச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பெண்களைச் சேர்க்கச் சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். எல்லோரும் தூக்கவில்லை. ஆனால் போதுமான கைகள் உயர்ந்தன. என் கணவரின் கையும் இருந்தது. முதல் பெயராக அக்காவின் பெயரை எழுதச் சொன்னோம். மாமியாரைச் சேரச் சொன்னபோது, "எனக்கு வேணாம். சொமந்ததே போதும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்று மதியம் என்னிடம், "சாப்டியா?" என்று கேட்டார்.

மறுநாள் முதல் அக்கா வீட்டுக்கு முறைச்சோறு போனது. லோடுமேன் தன் முறைக்கு வரவில்லை. அவர் மனைவி கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஜல்லி உடைக்கும் கிரஷர் இயந்திரங்கள் வந்தன. குவாரியைப் புதிதாகக் குத்தகை எடுத்தவர், லாரிப் பாதைக்குச் சங்கக் கட்டடம் இடைஞ்சல், இடித்துவிடுங்கள் என்றார். அப்போது செயலாளர் நான். கூட்டம் போட்டோம். இடிக்க விடுவதில்லை என்று ஒருவர்கூட மாற்றிச் சொல்லாமல் முடிவானது. திங்கட்கிழமைதோறும் மனுவோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போனோம். ஆண்கள் வேலைக்குப் போகிற வாரங்களில் அக்காவும் நானும் மட்டும் போனோம். போகாத திங்கட்கிழமை இல்லை. கடைசியில் அளக்க ஆட்கள் வந்தார்கள். இரண்டு நாள் அளந்துவிட்டு, கட்டடம் நிற்பது குத்தகை எல்லைக்கு வெளியே என்று எழுதிக் கொடுத்தார்கள்.

லாரிப் பாதையை வளைத்துத்தான் போட்டார்கள். அடுத்த மாதம் அக்காவின் மூத்த மகளுக்கு அந்தக் கட்டடத்தில் கல்யாணம் நடந்தது. கூட்டம் கொள்ளாமல் பாதிப் பேர் வெளியே நின்று சாப்பிட்டார்கள்.