உள்பக்கம் தேய்ந்த செருப்பு

எங்க அக்கா வீட்டுக்காரர் செருப்புக் கடையில் விற்பனையாளர். கடைக்கு வருகிறவர் முகத்தை அவர் பார்க்க மாட்டார். கழற்றிப் போட்ட பழைய செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்.

"பாதம் உள்ளே சாயுதுங்க. இப்படியே விட்டா முட்டி பிடிச்சுக்கும், அப்புறம் இடுப்பு" என்று தீர்ப்பு சொல்வார். வந்த ஆள் பயந்துபோய் விலை கூடின ஜோடியை வாங்கிப் போவான்.

கடைசியில் அவருக்கே முட்டி பிடித்துக்கொண்டது. வாடிக்கையாளர் காலடியில் குத்தவைத்தால் எழ முடியவில்லை. அலமாரியைப் பிடித்து எழுவார், பெட்டிகள் சரிந்து விழும்.

முதலாளி சொல்லிவிட்டார்: "கொஞ்ச நாள் பார்ப்பேன். சரியாகலேன்னா குடோன்ல போய்ப் பெட்டி அடுக்கு."

வாயால் பிழைக்கிற மனுஷன் குடோன் சுவரோடு போய் என்ன பேசுவார்?

மாமா காரணம் தேடினார். முதலில் தலையணை மேல் பழி போட்டார். பிறகு நாற்காலி. அதற்கப்புறம் மெத்தை. புது மெத்தை லிஃப்டுக்குள் நுழையவில்லை. மாடிக்குத் தூக்கியது யார்? நான்தான். "மெல்ல மச்சான், சுவர்ல உரசப்போகுது" என்று பின்னாலேயே வந்தார். முட்டி வலியாம்.

வலி இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தன் காலைப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? விளம்பரத்துக்காகக் கடை ஆட்களுக்கு முதலாளி அடிக்கடி புது மாடல் மாட்டிவிடுவார். ஒன்று தேய்வதற்குள் அடுத்தது வந்துவிடும்.

ஒருநாள் அக்கா என் வண்டியில் ஏறிக் கடைக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு நீல ரப்பர் செருப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது ஒருத்தரோடது. பார்த்துச் சொல்லுங்க."

எல்லா வீட்டிலும் கிடக்கிற செருப்புதான். மாமா திருப்பினார்.

"அடடா, உள்பக்கம் காகிதமா ஆயிடுச்சே! தட்டைப் பாதம். அது சாயச் சாய முட்டியும் கூடவே திரும்பும். இந்த ஆள் இன்னும் எப்படி நடக்கிறான்? யாரு, உன் தம்பியா?"

"நீங்கதான். நம்ம பாத்ரூம் செருப்பு. அதைப் போட்டா நானே சாயறேன்."

கடையே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் சொல்றியே, அந்த ஜோடியை நீயும் மாட்டு" என்றார்.

பாதத்தின் குழிக்கு முட்டுக்கொடுக்கிற ஜோடி அது. வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒருநாள் அலமாரியைத் தொடாமலே எழுந்தார். குடோன் பேச்சும் நின்றது.

இப்போது கேட்டால் என்ன சொல்கிறார் தெரியுமா?

"எல்லாம் அந்த மெத்தையோட மகிமை, மச்சான்."

"அதைத் தூக்கித்தான் மாமா என் இடுப்பு போச்சு" என்றேன்.

"எங்கே, செருப்பைக் கழற்று" என்று என் காலடியில் குத்தவைத்துவிட்டார்.