ஒரு கணக்கு, இரண்டு வீடு

நானும் மனைவியும் பிரிந்தபோது வீட்டுச் சாமான்களைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொண்டோம். அவள் கிள்ளானில் தன் தங்கை வீட்டுக்கு அருகே ஒரு வீடு பார்த்துப் போனாள். நான் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலேயே இருந்துவிட்டேன். டிவியில் படம் வாடகைக்கு எடுக்கும் கணக்கை மட்டும் பிரிக்க மறந்துபோனோம். இருவரின் பேங்க் கார்டுகளும் அதில் இருந்தன. அங்கேயும் இங்கேயும் அதே கணக்குத்தான் திறந்தது.

கல்யாணமான புதிதில் வீடியோ கடையில் நின்று எந்தப் படம் எடுப்பது என்று வெகுநேரம் வாதாடுவோம். அவளுக்குக் குடும்பப் படம் வேண்டும், எனக்குப் போலீஸ் படம். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

அவள் போன பிறகு வந்த ஒரு சனிக்கிழமை. மழை விட்டிருந்தது. டிவியைப் போட்டால், நான் எடுக்காத படம் ஒன்று பாதியில் நின்றிருந்தது. கூட்டுக்குடும்பக் கதை. யார் எடுத்தது என்று யோசிக்கத் தேவையில்லை. வெறும் வீட்டில் உட்கார்ந்து, அவள் நிறுத்திய இடத்திலிருந்து கடைசிவரை பார்த்தேன்.

அதுவே பழக்கமாகிவிட்டது. அவள் சிரிப்புப் படம் எடுத்தால் எனக்கு மனசு லேசாகும். அழுகைப் படம் எடுத்தால் அன்று முழுக்க என்னவோ போலிருக்கும். வேறு எந்த வழியிலும் அவளைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை.

பிறகு ஒருமுறை, ஒரு படத்தைத் தொடங்கியவுடனேயே நிறுத்தியிருந்தாள். அவளே முடிக்கட்டும் என்று நான் அதைத் தொடவில்லை. இரண்டு நாளில் வாடகைக் கெடு முடிந்து படம் மறைந்தது. அதன்பின் சில வாரங்கள் ஒன்றுமே வரவில்லை. பொறுக்க முடியாமல் போன் போட்டேன்.

"உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"கால் சுளுக்கிக்கிச்சு. தங்கச்சி வீட்டுல இருக்கேன். இங்க டிவி எப்பவும் பிள்ளைங்க கையிலதான்." என்றவள், "படம் வரலைன்னுதானே கேக்குறீங்க?" என்று கேட்டாள்.

நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

"நான் நிறுத்துன இடம் தானா நகர்ந்து போயிருக்கும். நீங்க பாக்குறீங்கன்னு அப்பவே தெரியும்லா."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பாக்க மாட்டீங்க." குரலில் கோபமில்லை. "இனிமே நான் தனியா ஒரு அக்கவுண்ட் போட்டுக்கிறேன். தங்கச்சி மகன் செஞ்சு தரேன்னான். இனி நம்ம தேடவே வேணாமாம். ஆளுக்கு என்ன பிடிக்கும்னு அதுவே பாத்து எடுத்து வைக்குமாம்."

வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. "நல்லதுதான். கால பாத்துக்க," என்று வைத்துவிட்டேன்.

கணக்கிலிருந்து அவள் விலகிய பிறகும் கொஞ்ச நாள் என் டிவி அவளுக்குப் பிடித்த படங்களையே முன்னால் நிறுத்தியது. நான் எதையும் எடுக்காததால் அவை மெல்லக் குறைந்தன. இப்போது வரிசையாகப் போலீஸ் படங்கள். எல்லாம் எனக்குப் பிடித்தவைதான், வாதாட ஆளில்லை.

போன சனிக்கிழமை அதில் ஒன்றை எடுத்துப் போட்டேன். சற்று நேரம் பார்த்துவிட்டு அணைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடைக்கு இறங்கிப் போய், காலி மேசைகளை விட்டு, ஆள் இருக்கும் மேசையாகப் பார்த்து உட்கார்ந்தேன்.