தங்க எழுத்தில் ஒரு பெயர்

மூன்று வாரங்களுக்கு முந்திய சனிக்கிழமை, எங்கள் தமிழ்ப் பாடசாலையில் ஒரு வகுப்பு எடுத்தேன். பிள்ளைகளுக்கல்ல... பெற்றோருக்கு! 'இணையத்தில் பிள்ளைகளைக் காப்பது எப்படி?' இந்த வருடத்தில் இது நாலாவது தடவை. கேட்கிறவர்களை விடுங்கள், சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஜேர்மன் பள்ளிக்கூடம் ஒன்றின் வகுப்பறையை வாடகைக்கு எடுத்துத்தான் பாடசாலை நடக்கிறது. சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் அப்பாக்களும் அம்மாக்களும் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமானதைச் சொன்னேன். பிள்ளையின் முழுப் பெயரைப் பொதுவில் போடாதேங்கோ. ஊரைப் போடாதேங்கோ. பிறந்த திகதியைப் போடாதேங்கோ. எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் ஆட்டவில்லை. அவர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி செய்யிறீர்?"

"லைவ் போடுறன் அக்கா. நல்ல விசயம்தானே, நாலுபேர் பாக்கட்டும்."

அவருடைய மடியில் கடைக்குட்டி. கமெராவுக்குள் முதலில் விழுந்தது அதன் முகம்தான். 

எல்லாரும் போன பிறகு ஒரு அம்மா மட்டும் நின்றார். வசந்தி என்று வைத்துக்கொள்வோம். கையில் கார்ச் சாவியைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு உதவி. மகள் மூண்டு நாளாப் பள்ளிக்கூடம் போகேல்லை. வயித்துக்குத்து எண்டுறாள். டொக்டரிட்டக் காட்டினன், ஒண்டுமில்லையாம். ஏதோ பெடியன் விசயம்போலக் கிடக்கு. நீங்கள் ஒருக்கா அவளின்ர போனைத் திறந்து பாருங்கோவன்."

"அவளுக்குத் தெரியாமலோ?"

"ஓம். தெரிஞ்சா விடுவாளே?"

"அது ஏலாது வசந்தி. நான் அவளோட கதைக்கிறன்."

மகள் அபி — இதுவும் நான் வைத்த பெயர்தான் — வெளியே நடைபாதை வாங்குப் பலகையில் இருந்தாள். பதின்மூன்று வயது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வகுப்பில ஆரும் கரைச்சல் தருகினமோ?" என்று மட்டும் கேட்டேன். பிறகு தானாகவே போனை என் கையில் தந்தாள்.

ஒரு வீடியோ. அவளுடைய சாமத்திய வீடு! பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் நாங்கள் மண்டபம் பிடித்து எடுக்கிற விழா, உங்களுக்குத் தெரிந்ததுதான். மேலேயிருந்து ட்ரோனில் மண்டபம்... பல்லக்கில் அபி... உடுப்பு மாற்றி மாற்றி அபி... திரை முழுக்கத் தங்க எழுத்தில் அவளுடைய முழுப் பெயர். கீழே திகதி. அதற்குக் கீழே மண்டபத்தின் பெயரும் ஊரும். வீடியோ எடுத்தவர் தன் சேனலில் உலகத்துக்கே திறந்து வைத்திருந்தார்.

வகுப்பில் ஒருவன் சும்மா இருக்கமாட்டாமல் அவளுடைய பெயரைத் தேடியிருக்கிறான். அடுத்தநாள் முழு வகுப்பும் பார்த்துவிட்டது. இது என்ன விழா என்று ஒருத்தி கேட்க, விசயம் தெரிந்த இன்னொருவன் விளக்கம் வேறு கொடுத்திருக்கிறான். இப்போது அவள் வகுப்புக்குள் வந்தால் யாராவது அந்த வீடியோவின் பாட்டைப் போடுகிறார்களாம்.

"அவை சிரிக்கிறதுகூடப் பரவாயில்லை அன்ரி. இதைப் பாருங்கோ."

முகமில்லாத ஒரு கணக்கிலிருந்து, தமிழில், வரிசையாகத் தகவல்கள். 'தங்கச்சி, உங்கள் வீடியோ பார்த்தேன். அந்த மண்டபத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஒருநாள் சந்திப்போமா? அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.'

அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயப்படவில்லை. தனியாக வீட்டு வாசலைத் தாண்டவே பயப்படுகிறாள்.

"அம்மாட்ட ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா போனைத்தான் பறிப்பா. வீடியோவைப் போட வேண்டாம் எண்டு அப்பவே கேட்டனான். எல்லாரும் போடுகினம்தானே எண்டவ."

எல்லாரும் போடுகிறார்கள்... உண்மைதான். கனடாவில் மாமி பார்க்க வேண்டும், லண்டனில் சித்தப்பா பார்க்க வேண்டும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பெயரை மாற்றி, ஊரை மறைத்து, வாயைத் திறக்காமல் எல்லை எல்லையாகக் கடந்து வந்த சனம் நாங்கள். வந்து சேர்ந்த இடத்தில், பிள்ளையின் பெயரையும் ஊரையும் நாங்களே தங்க எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்!

வீடியோவுக்குக் கீழே வாழ்த்துகள் குவிந்து கிடந்தன. பார்த்துக்கொண்டே போனேன். நடுவில் என் படம், என் பெயர். 'வாழ்த்துகள் செல்லக்குட்டி! தேவதைதான்!' நான் போட்டதுதான். யாரோ அனுப்பிய இணைப்பு, பஸ்ஸில் இருந்தபடி தட்டிவிட்டிருப்பேன். நாலு தடவை வகுப்பு எடுத்த டீச்சர்! வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

வசந்தியைக் கூப்பிட்டுக் காட்டினோம். முதலில் வந்த வார்த்தை, அபி சொன்னதேதான். "இங்க கொண்டா போனை!"

"போனை விடுங்கோ வசந்தி. பிள்ளையைப் பாருங்கோ."

பார்த்தார். பிறகு அழுதார்.

தகவல்களை அழிக்காமல் படம்பிடித்து வைத்துக்கொண்டு, அதன்பிறகே அந்த ஆளை பிளாக் செய்தோம். பொலிஸுக்குப் போவோம் என்றேன். "பொலிஸோ? சனம் கதைக்குமே அக்கா..." கதைக்கட்டும் என்றேன். திங்கட்கிழமை போனோம். செவ்வாய் வகுப்பாசிரியையைச் சந்திக்க டெர்மின், நேரம் குறித்து வாங்கியிருந்தோம். வசந்திக்கு ஜேர்மன் மொழி மட்டுமட்டு. வீட்டுக்கு வருகிற கடிதம், டொக்டர், ஆசிரியர் எல்லாவற்றுக்கும் அபிதான் மொழிபெயர்ப்பாளர். இதற்கும் அவளையே கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்! தனக்கு நடந்ததைத் தானே மொழிபெயர்க்கப் பிள்ளையால் ஏலுமா? அவளை வீட்டில் விட்டுவிட்டு, மொழிபெயர்க்க நான் போனேன்.

வீடியோ மட்டும் அசையவில்லை. "அது என்ர நல்ல வேலையளில ஒண்டு அக்கா, அதைப் பாத்துத்தான் ஆக்கள் வருகினம்" என்றார் எடுத்தவர். அபியின் அப்பாவோ, "சொந்தக்காரர் கேட்டா என்ன சொல்லுறது?" என்றார். நான் கதைத்துக் களைத்துப்போனேன். புதன்கிழமை வசந்தி, படம்பிடித்த தகவல்களை அபியின் அப்பாவின் கையில் கொடுத்திருக்கிறார். ஒன்றுவிடாமல் வாசித்தாராம். எழும்பிப் போய் வீடியோக்காரருக்குப் போன் அடித்தாராம். பின்னேரம் வீடியோ இல்லை.

அடுத்தநாளே கனடா மாமியின் அழைப்பு. "ஏன் பிள்ளை, வீடியோவைக் காணேல்லை? ஏதும் பிரச்சினையோ?"

"அவள் வேண்டாம் எண்டவள் மாமி. அதுதான் எடுத்தாச்சு" என்றாராம் வசந்தி. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அபி நிமிர்ந்து பார்த்தாளாம்.

அடுத்த திங்கட்கிழமை அபி பள்ளிக்கூடம் போனாள். முதல் வாரம் அப்பா கொண்டுபோய் விட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த ஆள் யாரென்று இன்னும் தெரியாது. வீடியோவை யார் யார் இறக்கி வைத்திருக்கிறார்களோ, அதுவும் தெரியாது. ஐந்தாவது வகுப்புக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். போகத்தான் போகிறேன், வேறு என்ன செய்ய?

இதை எழுதலாமா என்று அபியிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, எழுதிப்போட்டு முதலில் தனக்கு வாசித்துக் காட்டச் சொன்னாள். நேற்று போனில் வாசித்தேன். இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னாள். முழுக் கட்டுரையிலும் எனக்குப் பிடித்த வரிகள் அவைதான். 'எல்லாரும் இப்படி எழுதுகினம்தானே பிள்ளை' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

இரண்டு வரிகளையும் வெட்டிவிட்டேன்.