சோஃபாவில் கேட்காத சத்தம்

அந்த ஆடியோ கடையில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாம்புச்செவி என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அட்டைப்பெட்டி சுமக்கத்தான் அங்கே சேர்ந்தார். சேர்ந்த மூன்றாவது மாதம், பழுதுபார்க்க வந்த ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது, "உள்ள ஒரு ஸ்க்ரூ கழண்டு உருளுதுண்ணே, வலது மூலையில" என்றார். மெக்கானிக் சிரித்தார். திறந்து பார்த்தால் ஸ்க்ரூ அதே மூலையில் கிடந்தது. முதலாளி அன்றைக்கே பேரும் வைத்துவிட்டார், வேலையையும் மாற்றிவிட்டார். பெட்டி சுமந்தவர், வீடு வீடாகப் போய் ஸ்டீரியோ பூட்டிக் கொடுப்பவரானார். எந்த வீட்டிலும் வயரை மாட்டி முடித்ததும் சோஃபாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அவர் தலையசைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

இப்போது வயது நாற்பத்தொன்பது. மகள் வெளியூரில் படிக்கிறாள். மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்.

பயம் வாஷிங் மெஷினில்தான் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனைவி கடைக்குப் போய்விட்டு வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

"ஏங்க, மெஷின் முடிஞ்சு கத்திக்கிட்டே இருக்கே, எடுத்துப் போடக்கூடாதா? வாசல் வரைக்கும் கேக்குது."

"இப்பதான் முடிஞ்சுது போல" என்று எழுந்தார். மெஷின் இன்னும் பீப் பீப் என்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. தலையை அந்தப் பக்கம் திருப்பிய பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து தனக்குத்தானே பரிசோதனை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் விரல்களை உரசிப் பார்ப்பார். வலது காதில் சரசர என்று கேட்கும். இடது காதில் கேட்டது போலவும் இருக்கும், விரல் உரசுவது தெரிவதால் கேட்டதாக நினைத்துக்கொள்கிறோமோ என்றும் இருக்கும். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்ப்பார். மறுபடி விரல். "உள்ள என்ன பண்றீங்க, குடி போயிட்டீங்களா?" என்று மனைவி கதவைத் தட்டும்வரை இதுதான். மகள் போன் செய்தால் பேசிக்கொண்டே வலது காதுக்கு மாற்றிக்கொள்வார்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதை மட்டும் தினமும் நினைத்துப் பார்த்தார். கை நடுங்கும் நாவிதரிடம் யார் தலையைக் கொடுப்பார்கள்? காது போன பாம்புச்செவிக்குக் கடையில் என்ன வேலை? மறுபடி அட்டைப்பெட்டி தூக்க இடுப்பிலும் பலமில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வியாழக்கிழமை கண்ணாடிக்காரம்மா வீட்டுக்குப் போனார். கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி போட்டுத் தரும் கடை வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். பார்த்தால் வீணைக் கச்சேரிக்கு முன்வரிசையில் உட்காருபவர் மாதிரி இருப்பார், ஆனால் வீட்டில் போடுவதெல்லாம் தரை அதிரும் பாட்டு. ஏற்கெனவே ஒரு சப்வூஃபர் இருந்தது. அடிவயிற்றில் இறங்கும் அந்தத் தும் தும் சத்தத்துக்கென்றே இருக்கும் பெட்டி. அதே மாதிரி இன்னொன்று வாங்கியிருந்தார்.

நீளமான கூடம். முன்சுவரில் ஆம்ப்ளிஃபயர், இருபுறமும் ஸ்பீக்கர்கள், இடது மூலையில் பழைய சப்வூஃபர். வலது மூலையைப் புத்தக அலமாரி அடைத்திருந்தது.

"அலமாரியை நகர்த்துறதுன்னா நான் வீட்டையே காலி பண்ணணும். சோஃபாவுக்குப் பின்னாடி வெச்சிடுங்களேன். பிளக்கும் அங்கதான் இருக்கு."

"வெச்சிடலாம் மேடம்."

ஆம்ப்ளிஃபயரில் சப்வூஃபருக்கு ஒரே ஒரு வாய்தான் இருந்தது. அதில் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் கேபிளைச் செருகினார். ஒரு கிளை பழைய பெட்டிக்கு. இன்னொன்றைச் சுவரோரமாக ஓட்டி, கம்பளத்துக்கு அடியில் விட்டு, சோஃபாவுக்குப் பின்னால் கொண்டுவந்தார். இரண்டு பெட்டியிலும் சத்தத் திருகை ஒரே அளவில் வைத்தார். பாட்டைப் போட்டுவிட்டுச் சோஃபாவில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

பாடுகிறவள் குரல் கேட்டது. கிதார் கேட்டது. அடியில் ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு அஸ்திவாரம் போடாமல் சுவர் எழுப்பியது போலிருந்தது.

எழுந்து முன்னால் போய்ப் பழைய பெட்டியின் கூம்பில் விரலை வைத்தார். குதித்தது. பின்னால் வந்து புதியதைத் தொட்டார். அதுவும் குதித்தது. இரண்டும் முழு மூச்சாக வேலை செய்கின்றன. திரும்ப உட்கார்ந்தார். ஒன்றுமில்லை. கைக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை.

'போச்சு. அதுவும் போச்சு.'

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடுக்களையிலிருந்து கண்ணாடிக்காரம்மா குரல் கொடுத்தார். "எப்படி இருக்கு? எனக்கு இங்கயே தும்முனு வருதே!"

அங்கே வரைக்கும் வருகிறதாம். நடுச்சோஃபாவில் உட்கார்ந்திருக்கும் தனக்கு வரவில்லை. அதற்கு மேல் அவருக்கு யோசனை ஓடவில்லை. "அருமையா இருக்கு மேடம்" என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

அடுத்த நாலு நாள் அவர் வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவில்லை. தெருவில் லாரி போனால் நின்று கேட்பார்: உறுமல் கேட்கிறதா, இல்லை நெஞ்சில் அதிர்வது மட்டும் தெரிகிறதா? கடையில் வேறொரு வேலைக்குக் கூப்பிட்டபோது முதுகு பிடித்துக்கொண்டது என்று பொய் சொன்னார். மனைவி, "கடையில ஏதாவது வாய்த்தகராறா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "உனக்கு எப்பவும் சந்தேகம்தான்" என்று எரிந்து விழுந்தார். பிறகு அதற்காகவும் வருத்தப்பட்டார்.

திங்கட்கிழமை முதலாளி கவுண்ட்டரிலிருந்து கத்தினார்.

"யோவ் பாம்புச்செவி, இங்க வா. கண்ணாடிக்காரம்மா போன் பண்ணாங்க. ஒரு பெட்டி இருந்தப்ப கேட்டதை விட ரெண்டு பெட்டி வெச்சப்புறம் கம்மியா கேக்குதாம். என்னய்யா பண்ணிட்டு வந்த?"

"போய்ப் பாக்குறேன்ணே."

"நீ உக்காந்து கேட்டியா இல்லியா?"

"கேட்டேன்ணே" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் வேலைக்கு வந்த முதல் புகார் அது. காது போனது இனிமேல் தன்னோடு மட்டும் நிற்காது, ஊருக்கே தெரிந்துவிட்டது என்றுதான் அவருக்குப் பட்டது. கருவிப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப்போய்த் திரும்பி நடந்தார்.

கண்ணாடிக்காரம்மா கோபமாக இல்லை, குழப்பமாக இருந்தார். பாட்டைப் போட்டுவிட்டுச் சோஃபாவைக் காட்டினார். "நீங்களே உக்காந்து பாருங்க. இங்க உக்காந்தா சுத்தமா ஒண்ணும் இல்ல. அடுக்களை வாசல்ல போய் நின்னா மட்டும் கும்முனு அடிக்குது. நான் என்ன, நின்னுக்கிட்டா பாட்டு கேக்கணும்?"

பையை இறக்கி வைக்கப்போனவர் பாதியில் நின்றார்.

"உங்களுக்கும் கேக்கலையா மேடம்?"

"அதானே சொல்றேன், கேக்கல." சொல்லிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கும்னா? அன்னிக்கே உங்களுக்குக் கேக்கலையா?"

சமாளித்துவிடலாம் என்று வாயெடுத்தார். வரவில்லை. சோஃபாவின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வாஷிங் மெஷினை, குளியலறையை, அன்று சொன்ன பொய்யை. "பெட்டியில கோளாறுன்னு எனக்குத் தோணவே இல்ல மேடம். என் காதுதான்னு முடிவு பண்ணிட்டேன்."

அந்தம்மா பாட்டை நிறுத்தினார். "என் கடைக்கு ஒரு டிரைவர் வருவார். முன்னாடி போனவர் படிக்கிறதை வெளிய நின்னு கேட்டு, எழுத்து முழுக்க மனப்பாடம் பண்ணிட்டு உள்ள வருவார். ஒரு நாள் நான் அட்டையை மாத்திட்டேன். அவரு பழைய அட்டையவே கடகடன்னு படிச்சாரு." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தம்மா சிரிக்கவில்லை. "பயந்தா எல்லாரும் பண்றதுதான். சரி, முதல்ல இதைப் பாருங்க."

பயம் சற்று விலகியதும் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. வேலைக்கு வந்த முதல் வருடமே கற்றுக்கொண்ட விஷயம். ஒரு பெட்டி சோஃபாவை ஒட்டியிருக்கிறது, இன்னொன்று நாலைந்து மீட்டர் தள்ளியிருக்கிறது. தூரத்துப் பெட்டியின் சத்தம் தாமதமாக வந்து சேர்கிறது. அது காற்றைத் தள்ளும் நேரத்தில் பக்கத்துப் பெட்டி இழுத்துக்கொண்டிருக்கிறது. சோஃபாவில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. அடுக்களை வாசலுக்குத் தூரக்கணக்கு வேறு, அங்கே இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன.

சோஃபாவுக்குப் பின்னால் மண்டியிட்டு, புதுப் பெட்டியின் முதுகில் இருந்த சின்ன ஸ்விட்ச்சை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான். இனி தூரத்துப் பெட்டியின் சத்தம் சோஃபாவில் தள்ளும்போது இதுவும் தள்ளும்.

"பாட்டைப் போடுங்க மேடம்."

தும்.

தரை, சோஃபா, அவர் முழங்கால் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தது. கண்ணாடிக்காரம்மா ஓடிவந்து நடுவில் உட்கார்ந்து, "ஆஹா, இதுக்குத்தான்யா ரெண்டு பெட்டி!" என்றார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையை அடுக்கினார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப என் காது நல்லாத்தான் இருக்கு மேடம்."

"அந்தத் தும் தும் கேக்குது, சரி. மெஷின் கத்தினது?"

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"நாளைக்கே போய்ப் பாருங்க. நான் கண்ணு பாக்குறவ, காதைப் பத்திச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா ஒளிச்சு வெக்கிறவங்களை நிறையப் பாத்திருக்கேன்."

அன்று மாலையே மனைவியிடம் சொன்னார். அவள் டிவியை அணைத்தாள். பிறகு, "ரெண்டு மாசமா நான் கூப்பிட்டா திரும்பலைன்னு, என் மேல ஏதோ கோவம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேங்க" என்றாள். மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள்.

பரிசோதனை அறை அலமாரி அளவுதான். கதவைச் சாத்தியதும் காது அடைத்தது. சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். முதலில் தாழ்ந்த ஒலிகள், ஒன்று விடாமல் அழுத்தினார். பிறகு கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். இடது பக்கத்துக்கு வந்தபோது நீளமான மௌனம். சத்தம் இன்னும் வரவில்லையா, வந்து போய்விட்டதா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் விரலைப் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டார். வியர்த்த கட்டைவிரல் பட்டனின் மேல் வெறுமனே இருந்தது.

காது டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். வலது காது வயதுக்குத் தக்கபடி நன்றாக இருக்கிறது. இடது காதில் மெல்லிய கீச்சொலிகள் குறைந்துவிட்டன. போனது திரும்பாது. மேலும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம், இடது காதுக்குச் சின்னக் கருவி ஒன்று வைத்துக்கொள்ளலாம். கருவி வர மூன்று வாரமாகும்.

முதலாளியிடம் சொல்லப் போனவர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். முதலாளி பேனாவை மூடி வைத்தார்.

"எந்தக் காது?"

"இடது."

"சரி, இனிமே உன் வலது பக்கம் நின்னு திட்டுறேன்." பேனாவை மறுபடி திறந்தார். "வேலை உன் கையில இருக்குய்யா. கீச்சுச் சத்தம் சரியான்னு வாங்கினவங்களையே உக்கார வெச்சுக் கேளு. அவங்க காசு, அவங்க காது. இதுக்கா முதுகு வலின்னு பொய் சொன்ன?"

அந்தச் சனிக்கிழமை ஒரு மாடி வீட்டில் புது ஸ்டீரியோ பூட்டினார். முடித்ததும் சோஃபாவில் தான் உட்காரவில்லை. வீட்டுக்காரரையும் அவர் தங்கையையும் உட்காரச் சொன்னார். "எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம் சார். மேல் சத்தம் எப்படி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். அண்ணன் நன்றாக இருக்கிறது என்றார், தங்கை கொஞ்சம் கூச்சல் என்றார். இருவரும் சண்டை போடத் தொடங்கினார்கள். அவர் திருகில் கையை வைத்துக்கொண்டு, யார் ஜெயிப்பார்கள் என்று காத்திருந்தார்.