பாக்கியலெட்சுமிகள் காணாமல் போன திங்கட்கிழமை

நிஷாந்துக்கு என்னைக் கட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்கு என் அம்மா பாக்கியலெட்சுமியிடம் இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, அவன் மடுல்சீமைக்காரன். "அந்த ரோட்டுல பொண்ணக் குடுத்தா, நான் பாக்கப் போய்ச் சேர்றதுக்குள்ள பேரப்புள்ள ஸ்கூலுக்குப் போயிரும்" என்பாள். இரண்டாவது, அவன் பார்க்கும் வேலை. நமுனுகுல மலையில் வயசுக்கு வந்த நாளிலிருந்து கொழுந்து பறித்தவளுக்கு, உட்கார்ந்த இடத்தில் விரலை ஆட்டுவது வேலையாகவே படவில்லை. ஒருமுறை பதுளையில் எங்கள் ஒஃபிசுக்கு வந்தவள், அவனுடைய திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் காதில் கேட்டாள்: "வந்ததுல இருந்து தேடிக்கிட்டே இருக்கானே, அப்புடி என்னத்தடி தொலைச்சான்?"

நியாயமான கேள்விதான்.

பதுளைக் கடைவீதியில் கீழே சேலைக் கடை, மேலே எங்கள் கம்பனி. இரண்டுக்கும் முதலாளி சண்முகராஜா. எது எதற்குச் சோறு போடுகிறது என்று அவரிடம் கேட்கக் கூடாது. தோட்டங்களில் பெரட்டு எடுப்பதற்கான மென்பொருள் செய்கிறோம். காலையில் ஆட்களை நிறுத்திவைத்துப் பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. முன்பு கணக்கப்பிள்ளை பேப்பரைப் பார்த்துக் கத்துவார். இப்போது டெப் என்கிற கைக்கம்பியூட்டரைப் பார்த்துக் கத்துகிறார். புரோகிராம் எழுதுவது நிஷாந்த். அதைக் கையால் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று அவனிடம் சொல்வது நான். எங்கள் காதல் இப்படி வளர்ந்ததுதான். பூக் கொடுத்தான் என்று சொல்ல ஒரு சாட்சியும் கிடையாது.

அவனுக்கு ஞாபகசக்தி என்பது மருந்துக்கும் இல்லை. காலையில் எழுதியதை எங்கே எழுதினோம் என்று மத்தியானம் தெரியாது. அந்தக் குறையை மறைப்பது தேடல் பெட்டிதான். அதன் ஓரத்தில் சின்னச் சின்னப் பொத்தான்கள் உண்டு. முழுச் சொல்லாக மட்டும் தேட ஒன்று. சொல்லே தெரியாதபோது அது எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்லித் தேட இன்னொன்று. இரண்டாவது அவனுடைய செல்லப்பிள்ளை. புள்ளியும் நட்சத்திரமும் அடைப்புக்குறியுமாக ஒரு மந்திரத்தை எழுதிவிட்டு, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்த பிறகே என்டரைத் தட்டுவான். அதே பெட்டிக்குக் கீழே மூன்று புள்ளிகள் இருக்கின்றன. அவற்றைத் தட்டினால், எந்த ஃபோல்டருக்குள் தேட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று எழுத இரண்டு கட்டங்கள் திறக்கும். "அதெல்லாம் பயந்தவங்களுக்கு யசோ" என்பான்.

எது உடைந்தாலும் அவனிடம் ஒரே பதில்தான்: "நெட்வொர்க்கா இருக்கும்." ஒஃபிஸ் மின்விசிறி நின்றபோதும் இதைத்தான் சொன்னான்.

புரோகிராமைத் தானாகவே சோதித்துப் பார்க்கும் வரிகளையும் அவன் எழுதி, தனியாக ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தான். அதற்குப் பொய்யான ஆட்கள் வேண்டும். கொழும்பில் இருப்பவர்களாக இருந்தால் 'ஆள் ஒன்று, ஆள் இரண்டு' என்று எழுதிவிட்டுப் போவார்கள். தோட்டத்தில் பிறந்தவனுக்குப் பெயர் என்றாலே வரிசை வீடுகளான லயம்தான் ஞாபகம் வரும். எங்கள் வீட்டுக்கு வந்து போன பழக்கத்தில் எங்கள் லயத்தையே அப்படியே இறக்கி வைத்துவிட்டான். முருகையா லீவு. புஷ்பம் பிந்தி வந்தாள். செத்துப்போன ஆளின் பெயரில் வேலை போட்டால் புரோகிராம் மறுக்க வேண்டும் என்றும் ஒரு சோதனை உண்டு. அதில் சாகிற வேடம் என் அம்மாவுக்கு. நான் அந்த ஃபோல்டரைத் திறந்ததே இல்லை என்பதால் எனக்கு இது தெரியாது.

இரண்டு வருட இழுபறிக்குப் பிறகு அம்மா மனசு இறங்கி, ஆவணியில் கல்யாணம் என்று ஆனது. அதற்குள் எங்கள் தோட்டமும் அந்த மென்பொருளை வாங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை நிஷாந்துக்கு மனச்சாட்சி குத்தியிருக்கிறது. 'பாக்கியலெட்சுமி' இருக்கும் வரிகளையெல்லாம் தேடி ஒரே தட்டில் அழித்தான். மந்திரப் பொத்தானை அமுக்கினான். மூன்று புள்ளிகளைத் தொடவில்லை. பக்கத்து ஃபோல்டரில் தோட்டத்தின் நிஜமான பெயர்ப் பட்டியல் இருந்தது. அதைத் தனி இடத்தில் வைப்பது வீண் செலவு என்பது சண்முகராஜாவின் கொள்கை. பொய் அம்மாவோடு சேர்ந்து நிஜ அம்மாவும் போய்விட்டாள். நல்ல வேலை செய்த திருப்தியில் அவன் புதிய பதிப்பைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டுப் படம் பார்க்கப் போனான்.

திங்கட்கிழமை காலை நான் பஸ்ஸுக்குத் தலைசீவிக்கொண்டிருந்தபோது அம்மா வெறும் கூடையோடு லயத்துக்குத் திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எம் பேர வெட்டிட்டாங்கடி."

தோட்டத்தில் இதைவிடக் கெட்ட சொல் இல்லை. பேர் வெட்டினால் வேலை போச்சு, அடுத்து லயத்தில் குடியிருக்கிற ஒற்றை அறைக் காம்பராவும் போகும். திருடினவனுக்கும் தொரையை அடித்தவனுக்கும்தான் வெட்டுவார்கள். அதைப் பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவள் மட்டுமல்ல, தோட்டத்தில் இருந்த மற்றப் பாக்கியலெட்சுமிகளும் இல்லையாம். அதில் ஒருத்தி கணக்கப்பிள்ளை கந்தப்பனின் இடுப்புச் சாரத்தைப் பிடித்து, "நான் இல்லன்னா ஒன்னயப் புடிச்சிருக்கிறது யாருடா?" என்று கேட்டிருக்கிறாள்.

நிஷாந்துக்குப் போன் போட்டேன். "நெட்வொர்க்கா இருக்கும் யசோ" என்றான்.

அவன் வருவதற்கு முன்பே நான் ஒஃபிசுக்குப் போய் அவனுடைய கம்பியூட்டரைத் திறந்தேன். அம்மாவின் பெயரைத் தேடினால் எங்கும் இல்லை. அழித்ததை வழக்கமான தேடலில் எப்படிக் காண்பது? ஆனால் நாங்கள் புரோகிராம் எழுதும் கருவி ஒவ்வொரு மாற்றத்தையும், அதைச் செய்தவன் எழுதிய குறிப்போடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கும். அந்தப் பழைய மாற்றங்களுக்குள் ஒரு சொல் எங்கே நுழைந்தது, எங்கே காணாமல் போனது என்று தேடவும் வழி உண்டு. தேடினேன். சனிக்கிழமை மாற்றம் முதலில் வந்தது. அதற்குக் கீழே இரண்டு வருடத்துக் குறிப்புகள் ஒவ்வொன்றாக வந்தன.

"அத்தை இன்றும் காலமானார். எல்லாம் சரியாக ஓடுகிறது."

"அத்தைக்கு இரண்டு தடவை சாவு வந்துவிட்டது. திருத்தினேன்."

"அத்தை சாக மறுக்கிறார். நாளை பார்ப்போம்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கீபோர்டைத் தூக்கி அவன் உட்காரும் கதிரையில் அடித்தேன். என்னைப் பெற்றவளைத் தினமும் கொன்றுவிட்டு, சாயங்காலம் என்னோடு பிளேன்டி குடித்திருக்கிறான் இந்த மனுஷன். நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது, அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது. பிறகு சனிக்கிழமைக் குறிப்பைத் திரும்பவும் படித்தேன். "இனி சாகடிக்கக் கூடாது. யசோவின் அம்மா." அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

அன்று பகலுக்குள் அவன் பட்டியலைத் திரும்பப் போட்டுவிட்டான். ஆனால் பெயர் வந்தது அம்மாவுக்குப் போதவில்லை. வெட்டியது யார் என்று அதே களத்தில் சொன்னால்தான் மலைக்குப் போவேன், அதுவரை கல்யாணப் பேச்சும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள். நான் நிஷாந்திடம், "நாளைக்குப் பெரட்டுக்கு வந்து நீயே சொல்லு" என்று மட்டும் சொன்னேன். குறிப்புகளைப் படித்ததைச் சொல்லவில்லை. அவன் வாயிலிருந்து 'நெட்வொர்க்' வந்தால் ஆவணியும் இல்லை, ஒன்றும் இல்லை என்று மனசுக்குள் முடிவுகட்டியிருந்தேன். அவன் அதைத்தான் சொல்வான் என்றும் பயமாக இருந்தது.

மறுநாள் காலை மழைத் தூறலில் த்ரீவீலரில் வந்து இறங்கினான். தலையில் கொங்காணிச் சாக்கு போட்ட பெண்கள் எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள்.

"சொல்லுங்க தம்பி, எம் பேர யாரு வெட்டுனது?" என்று கேட்டாள் அம்மா.

"அது வந்து அத்தை… நெட்…" என்று தொடங்கியவன் நிறுத்தினான். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் காலைப் பார்த்தபடி சொன்னான்: "நாந்தான் வெட்டுனேன். வேணும்னு இல்ல. எங்க தேடணும்னு சொல்லாம தேடி அழிச்சிட்டேன். ஏன் அழிச்சேன்னா… ரெண்டு வருஷமா கம்பியூட்டருக்குள்ள ஒங்கள தெனமும் சாகடிச்சிக்கிட்டு இருந்தேன், அத்தை. நீங்க பொண்ணு தரலங்கிற கோவத்துல. கல்யாணம்னு ஆனதும் பயந்துட்டேன், அதான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போலிருந்தது.

அம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"நீ பொம்மையாட்டம் சாகடிச்ச. நான் நெசமாவே கேட்டுப்புட்டேனே" என்றாள். "முனியாண்டிக்கு மூணு செவ்வாக்கெழம மொளகா அரைச்சுப் பூசி, இந்தப் பய எம் மக கண்ணுல படாம ஒழிஞ்சு போகணும்னு வேண்டியிருக்கேன். பேர நீ திருப்பிப் போட்டுட்ட. இத யாரு திருப்பி எடுக்கிறது?"

நிஷாந்த் முனியாண்டி கோயில் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துக் கந்தப்பன் பெரட்டைத் தொடங்கினார். டெப்பைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, ஊருக்கே கேட்கிறமாதிரி, "பாக்கியலெட்சுமி!" என்று கத்தினார்.

"இன்னைக்கு நான் வரலன்னு போடுங்கய்யா" என்றாள் அம்மா. கூடையை என் கையில் கொடுத்துவிட்டு, நிஷாந்தின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, முனியாண்டி கோயில் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினாள்.