ஆணியில் தொங்கிய காலுறைகள்

ஆர்னி ஹாபலாவின் ஊரில் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவர் வீட்டுக் கூரையைப் பார்த்தால் போதும். சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் ஈரக்காற்று நவம்பரில் பனியைக் கொட்டத் தொடங்கினால் ஏப்ரல் வரை விடாது. செப்புச் சுரங்கத்தை மூடியபோது ஆண்களில் பாதிப்பேர் மரம் வெட்டக் காட்டுக்குப் போனார்கள். ஆர்னி கூரைமேல் ஏறினார். கோடையில் ஷிங்கிள் என்னும் தார்த்தகட்டு ஓடு பதிப்பார், குளிர்காலத்தில் அந்த ஓட்டைக் காப்பாற்றுவார். அவருக்கு யாரும் தொழில் சொல்லித்தரவில்லை. ஒழுகுகிற வீடுகளின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டார்.

பனியை வாரும்போது அவர் ஒருநாளும் ஓடு தெரிகிற வரை வாரியதில்லை. விரற்கடை உயரத்துக்குப் பனியை விட்டுவைப்பார். வெயில் காலத்தில் தோல்போல வளைந்துகொடுக்கும் தார் ஓடு, கடுங்குளிரில் அப்பளம்போல நொறுங்கும். அதன்மேல் இரும்பு படக் கூடாது. வீட்டுக்குள்ளிருக்கும் சூட்டில் மேல்கூரைப் பனி உருகி வழிந்து இறவாரத்தில் வந்து உறையும். உறைந்தது கரைபோல எழும்பும். பின்னால் தேங்கும் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து மேலேறும். அந்தக் கரையையும் அவர் வெட்ட மாட்டார். பழைய நைலான் காலுறையில் பனி கரைக்கும் குருணை உப்பை நிரப்பி, கரைக்குக் குறுக்கே கிடத்திவிடுவார். இரண்டொரு நாளில் அது தன் பாட்டுக்கு ஒரு வாய்க்கால் அறுத்துக்கொண்டு தண்ணீரை வெளியே விடும்.

காலுறைகள் அவருடைய அக்கா இர்மா தருபவை. கூட்டுறவுக் கடையில் கல்லாவில் நின்றே காலம் கழித்தவள் அவள். கணவன் இறந்த பிறகு பச்சை ஓடு வேய்ந்த வீட்டில் தனியாக இருந்தாள். கிழிந்த காலுறைகளைத் துவைத்துச் சேர்த்துவைப்பாள். இறவாரத்தில் உறைபனி ஏறியதும் அவற்றை வாசற்கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவாள். தபால் நிலையத்துக்குப் போகிற வழியில் ஆர்னி பார்ப்பார், வண்டியை நிறுத்துவார், ஏணியை எடுப்பார். வேலை முடிந்ததும் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் மேசையில் இருக்கும். அவள் வா என்று கேட்டதில்லை, அவர் வருகிறேன் என்று சொன்னதில்லை. அந்த ஊரில் யாரும் எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஒருவரை வாய்திறந்து கேட்கும்படி விட்டால், அது கேட்கப்பட்டவனுக்கு இழுக்கு.

ஒரு இலையுதிர் காலத்துப் புயலில் அக்கா வீட்டுப் புகைபோக்கி ஓரம் ஓடுகள் சில பறந்துபோயின. பச்சை நிறத்தில் அந்த ஓடு இப்போது வருவதில்லை. ஆர்னி பழுப்பு ஓட்டால் ஒட்டுப்போட்டார். அடுத்த ஞாயிறு, தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது இர்மா சொன்னாள்:

"என் தம்பி என் கூரைக்கு வைத்தியம் பார்த்திருக்கான். தெருவுல நின்னு பார்த்தா பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு."

கூடமே சிரித்தது. ஆர்னியும் சிரித்தார். ஊரில் பாதிக் கூரை அவர் கைப்பட்டது. அந்தக் கூரைகளுக்குக் கீழே குடியிருப்பவர்கள்தான் சிரித்தார்கள். மனைவி லோயிஸோடு வீடு திரும்பும்போது, அக்கா வீட்டுத் தெருவை விட்டுச் சுற்றுவழியில் வண்டியை ஓட்டினார்.

ஜனவரியில் காலுறைகள் ஆணியில் ஏறின. ஆர்னி பார்த்தார். வண்டியை நிறுத்தாமல் போனார். மறுநாளும் அப்படியே. காலுறைகள் உறைந்து விறைத்துப் பலகைபோல ஆடிக்கொண்டிருந்தன.

"இன்னிக்கும் தொங்குதாமே," என்றாள் லோயிஸ்.

"வேணும்னா வாயத் தொறந்து கேக்கட்டும்."

"உங்க அக்கா யாருகிட்ட என்னத்தக் கேட்டிருக்காங்க? நீங்கதான் கேட்டிருக்கீங்களா?"

அவர் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு காப்பியை உறிஞ்சினார்.

பிறகு ஒருநாள் ஆணி வெறுமையாக இருந்தது. வேறு யாரையோ வேலைக்குப் பிடித்துவிட்டாள் என்று நினைத்தார். கோபம் வந்தது, கூடவே, வேலை எப்படியோ முடிந்ததே என்ற நிம்மதியும் வந்தது. அன்றைக்காவது இறங்கிப் பார்த்திருக்கலாம்.

அவள் யாரையும் பிடிக்கவில்லை. கணவனின் கைக்கோடரியை எடுத்துக்கொண்டு தானே ஏணியில் ஏறி, அந்த வருஷத்திலேயே கொடிய குளிரில், உறைந்த கரையைக் கொத்தித் தள்ளியிருக்கிறாள். உறைபனி போயிற்று, அடியிலிருந்த ஓடுகளும் போயின. அடுத்து விழுந்த பனி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

பனி இளகும் மார்ச் மாதத்தில் படுக்கையறைச் சுவர் வழியே தண்ணீர் இறங்கிற்று. ஒரு காலையில் உட்கூரை அப்படியே கட்டில்மேல் சரிந்தது. நல்லவேளை, அவள் சமையலறையில் இருந்தாள். நகரத்தில் குடியிருந்த மகள் வந்து, இனி ஒரு குளிர்காலம் இங்கே வேண்டாம் என்று அழைத்துப்போய்விட்டாள். வீடு விலைக்கு வந்தது.

விற்பதற்குமுன் ஆர்னி ஒருமுறை அந்தக் கூரைமேல் ஏறினார். இறவாரம் நெடுகக் கோடரித் தழும்புகள். கடைசிப் பக்கத்தில் வெட்டுகள் ஆழமில்லாமல், தள்ளித்தள்ளி விழுந்திருந்தன. கை ஓய்ந்திருக்க வேண்டும். புகைபோக்கி ஓரம் அவருடைய பழுப்பு ஒட்டு அசையாமல் இருந்தது. அதன்கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. அதைப் பார்த்தபிறகு அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

வாங்கியவர்கள் தெற்கேயிருந்து வந்தவர்கள். ஓடுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தகரம் வேய்ந்தார்கள். பனி தானே சறுக்கி விழுந்துவிடுகிறது.

அடுத்த குளிர்காலத் தொடக்கத்தில்தான் ஆர்னி அக்காவைப் பார்க்கப் போனார். அடுக்குமாடிக் கட்டடத்தில் கீழ்த்தளம். கடையில் வாங்கிய பிஸ்கட் வைத்தாள். வானிலை பேசினார்கள், யார் யார் செத்தார்கள் என்று பேசினார்கள். பேச்சு தீர்ந்தபின் அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"மாட்டித்தானே வெச்சிருந்தேன்."

"பார்த்தேன்க்கா."

"நீ பார்த்தது தெரியும். நம்ம வீடு வந்ததும் உன் வண்டி மெதுவாகும். சரி, நிக்குதுன்னு அடுப்புல காப்பி வெப்பேன். அப்புறம் போயிடும்."

ஆர்னி பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"நான் கூப்பிட்டிருக்க மாட்டேன்டா. நீயும் எறங்கியிருக்க மாட்டே. ஒரே அம்மா பெத்ததுதானே ரெண்டும்."

கிளம்பும்போது காகிதப் பை ஒன்றைக் கையில் திணித்தாள். உள்ளே காலுறைகள். "எடுத்துட்டுப் போ. இங்க என் தலைக்கு மேல கூரையா இருக்கு? மனுஷங்க நடக்குறாங்க."

பெரும்பனி விழுந்து ஆர்னியின் வீட்டு இறவாரம் உறைந்தபோது பையைப் பிரித்தார். உப்பைக் கொட்டும்போதுதான் கவனித்தார்: ஒவ்வொரு காலுறையின் நுனியிலும், குருணை சிந்தாதபடி நெருக்கமாக இரட்டைத் தையல் போட்டிருந்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும். கிழிசல் என்று வீசுவதைத் தருகிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

உப்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த லோயிஸ் குழாயை மூடினாள்.

"அக்கா, ஏலக்காய் ரொட்டி ஒண்ணு சுட்டுத் தரியா? சனிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"இங்க இருக்குற அடுப்புல அது சரியா எழும்பாதுடா," என்றாள் இர்மா. பிறகு, "அந்த வீட்டுல இருந்தப்பவே கேட்டிருக்கலாம் நீ."

"ஆமாக்கா," என்றார் ஆர்னி.