உப்பு பார்க்காத ஞாயிறு

ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்குப் போகும் சாலையில் அடைக்கலமேரியின் டிபன் கடை இருக்கிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் முகம்கூடக் கழுவாமல் அங்கே வந்து இட்லிக்குக் கை நீட்டுவார்கள். எல்லாம் சாம்பார் செய்யும் வேலை. அந்தச் சாம்பாரைச் செய்வது அடைக்கலமேரியின் நாக்கு. கரண்டியிலிருந்து இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்குவாள், கண்ணை மூடுவாள், பிறகு உப்பை அள்ளிப் போடுவாள். அளவு என்னவென்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஊர் மெச்சிய அந்த நாக்குதான் அவளுக்கு வினையாகவும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பமான நன்மையை வாங்க வேண்டுமானால், அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் படக்கூடாது. அப்ப வடிவில் ஆண்டவரே வருகிறார். அவருக்கு முன்னால் இட்லி போய் இடம் பிடித்து உட்காரலாமா? அடைக்கலமேரிக்கு இது சிறு வயதிலிருந்தே தெரியும். தெரிந்து என்ன? கோயிலில் இரண்டாம் மணி அடிக்கும்போதுதான் கடையில் இரண்டாவது அண்டா கொதிக்கும். கை தன்பாட்டுக்குப் போகும், உள்ளங்கை வாய்க்கு வரும், "ஐயோ!" என்பாள். அந்த வாரமும் போயிற்று.

"ரெண்டு சொட்டு சாம்பாரா ஆண்டவருக்கு எடமில்லாம பண்ணிடப் போவுது?" என்பான் கணவன் இன்னாசி, சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். "பூசை நீளமாப் போனா நேரமும் சரியா வந்துரும்."

"ஒங்க மொதலாளிகிட்ட பேசுற பேச்செல்லாம் அவருகிட்ட வேணாம்" என்பாள்.

கடை திறந்த நாளிலிருந்து இதே கதை. எல்லாரும் எழுந்து வரிசையில் போக, அவள் மட்டும் இருந்த இடத்திலேயே முழங்காலில் நிற்பாள். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்காதவர்களும் நன்மை வாங்கக்கூடாது என்பதால், ஊருக்கு இது போதாதா? சாமியாரிடம்கூடச் சொல்ல முடியாத பாவமாக இருக்கும் என்று ஆளுக்கொரு பாவத்தை அவள் தலையில் கட்டினார்கள். சாம்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

யார் என்ன பேசினாலும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் மகள் சத்யாவுக்குப் புதுநன்மை, முதல்முறையாக நன்மை வாங்கும் நாள், நெருங்கியது. மறைக்கல்வி வகுப்பிலிருந்து வந்தவள் பையைத் தூக்கிப் போட்டாள்.

"அம்மா, நீ என்ன பாவம் பண்ணுன? எல்லாரும் கேக்குறாங்க."

"சாம்பார் நக்குனேன்டி!"

"அப்ப அன்னிக்கு நக்காத. எம்பக்கத்துல நின்னு நீயும் வாங்கணும். இல்லன்னா நானும் வாங்க மாட்டேன்."

சொன்னால் செய்கிற பெண் அது.

அந்த ஞாயிறு காலையில் கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றைத் தேடியெடுத்து மாட்டிக்கொண்டாள். கை வந்தாலும் வாய் சாத்தியிருக்கட்டும் என்று. "கடையா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டான் தினமும் சாப்பிட வரும் ஆலைத் தொழிலாளி பிரசாத். கை அதற்குள் ஒருமுறை வந்து முட்டி, மாஸ்க்கில் மஞ்சள் கறை படிந்திருந்தது.

நாக்கின் பொறுப்பை அன்று சிந்தாமணியிடம் ஒப்படைத்திருந்தாள். கடையில் கூட வேலை செய்யும் சிந்தாமணி கல்லங்குறிச்சிக்காரி, பெருமாளைக் கும்பிடாமல் அடுப்பு மூட்டாதவள்.

"சிந்தாமணி, உப்பு பாத்துச் சொல்லு."

சிந்தாமணி முதுகைக் காட்டி நின்று சத்தமாகச் சப்புக்கொட்டினாள். "அமிர்தம்க்கா. கெளம்புங்க, மணி அடிச்சிட்டான்."

கோயிலில் சத்யா வெள்ளை கவுனும் தலையில் பூமுடியுமாக நின்றாள். பக்கத்தில் அம்மா. சாமியார் "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். "ஆமென்" என்று சொல்லி அடைக்கலமேரி நாக்கை நீட்டினாள். நாக்கில் அப்பம் பட்டது. உப்பில்லை, புளியில்லை, காரமில்லை. எதிலும் குறை கண்டுபிடிக்கும் அந்த நாக்கு அப்போது வாயை மூடிக்கொண்டு கிடந்தது. அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இத்தனை நாள் எவ்வளவு பசியாக இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சத்யா கிசுகிசுத்தாள். "உப்பே இல்லம்மா."

"பேசாம செபம் பண்ணுடி."

கடைக்குத் திரும்பியபோது அண்டா துடைத்து வைத்ததுபோல் காலி. சத்யாவுக்கென்று ஒரு தூக்கில் எடுத்து வைத்திருந்த சாம்பாரை இட்லிமேல் ஊற்றினாள் சிந்தாமணி. ஒரு வாய் வைத்த சத்யா விழித்தாள். "அம்மா, இதுலயும் உப்பு இல்ல."

அடைக்கலமேரி பதறிப்போய் உள்ளங்கையில் ஊற்றி நக்கினாள். ஒரு கல் உப்புகூட விழாத சாம்பார்!

"அடிப்பாவி, பாத்தியா இல்லியா?"

சிந்தாமணி முந்தானையைத் திருகினாள். "இல்லக்கா. புள்ள ஒங்க சாமிய வாங்கிட்டு வந்து மொத மொதல்ல திங்கப் போறது இது. அதுக்கு முன்னாடி நான் வாய வச்சு எச்சப் பண்ணுவனா? எங்க பெருமாளுக்கு ஆக்குற சோத்த யாரும் ருசி பாக்க மாட்டாங்க."

"அப்ப அந்தச் சப்புக்கொட்டுனது?"

"நீங்க கெளம்பணுமேன்னுதான்."

அடைக்கலமேரி பிரசாத் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்கல்லாம் எப்படித் தின்னீங்க?"

"புள்ளைக்கு நல்ல நாளும் அதுவுமா கொற சொல்லுவாங்களாக்கா?" என்றான் அவன், கை கழுவியபடி. "மிச்சம் இருந்தா நீங்க கண்டுபுடிச்சிருவீங்கன்னு ஆளாளுக்கு ரெண்டாவது தடவ வாங்கி ஊத்தி முடிச்சோம். தூக்குல இருந்தது தெரியாமப் போச்சு."

திட்டுவதற்கென்று திறந்த வாய் திட்டவில்லை.

"நீ தின்னியாடி?" என்று சிந்தாமணியைக் கேட்டாள்.

"புள்ள திங்கட்டும்னு இருந்தேன்."

அடைக்கலமேரி அவள் கையைப் பிடித்து இழுத்து பெஞ்சில் சத்யாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். இட்லியைப் பிட்டு, சாம்பாரில் தோய்த்து, ஒரு துண்டை மகள் வாயிலும் ஒரு துண்டைச் சிந்தாமணி வாயிலும் வைத்தாள். சத்யா உப்பு டப்பாவை எட்டி எடுக்கப் போனாள். அடைக்கலமேரி அதைத் தள்ளி வைத்தாள்.

"இருக்கட்டும்டி. இன்னிக்கு இப்படியே தின்போம்."